தீர்த்தன் கரையில் தங்கப் போகிறவர்களுக்கு

மணாலி போகும் சாலையில் மண்டியைத் தாண்டியதும் ஔட் என்ற ஊரில் கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கப்பாதை வரும். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் அதற்குள் புகுந்து குல்லு, மணாலி என்று நேராகப் போய்விடுவார்கள். சுரங்கத்துக்குள் நுழையாமல் அதன் வாசலிலேயே இறங்கி, லார்ஜி வழியாகப் பஞ்சார் போகும் சாலையைப் பிடித்தால் தீர்த்தன் ஆற்றின் பள்ளத்தாக்கு வந்துவிடும். பஞ்சாரிலிருந்து பத்துக் கிலோமீட்டர் மேலே போனால் குஷைனி என்ற சின்ன ஊர். அதைச் சுற்றி, ஆற்றை ஒட்டிய ஆப்பிள் தோட்டங்களுக்குள் நாலைந்து அறைகள் மட்டுமே உள்ள விருந்தினர் வீடுகள் இருக்கின்றன. சில வருடங்களாக விடுமுறை கிடைத்தால் நான் போவது அங்கேதான். கடைசியாகப் போனபோது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அதற்கப்புறம் தெரிந்தவர்கள் பலர், எப்படிப் போவது, எங்கே தங்குவது, மீன் பிடிக்க விடுவார்களா என்றெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் இது.

முதலில் சொல்ல வேண்டியது ஒன்று. அங்கே ஒரு இரவு தங்குவதற்காகப் போகாதீர்கள். ஒரு நாள் ஜிபி, ஒரு நாள் தீர்த்தன், அடுத்த நாள் கசோல் என்று பயண முகவர்கள் போட்டுக் கொடுக்கும் திட்டத்தில் இந்த ஆறு வெறும் படம் எடுக்கும் இடமாக முடிந்துவிடும். குறைந்தது நான்கு இரவாவது ஒரே வீட்டில் இருங்கள். வீட்டுக்கு மேலே அரைக் கிலோமீட்டர், கீழே அரைக் கிலோமீட்டர், அவ்வளவு ஆறு போதும். எந்தப் பாறைக்குப் பின்னால் எந்த நேரத்தில் மீன் நிற்கிறது, எந்தப் பறவை எந்தக் கல்லைத் தன் இடமாக வைத்திருக்கிறது என்பதெல்லாம் இரண்டாம் நாள் மாலைக்கு மேல்தான் கண்ணுக்குப் பட ஆரம்பிக்கும். ஃபிளை ஃபிஷிங், அதாவது இரைக்குப் பதிலாகப் பூச்சி போல இறகும் நூலும் கட்டிய முள்ளை வீசி மீன் பிடிப்பது, கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஊர் ஊராகச் சுற்றினால் கை பழகவே பழகாது.

இந்த ஆறு இன்றைக்கும் இப்படி ஓடுவது தானாக நடந்ததல்ல. தீர்த்தன், கிரேட் இமாலயன் தேசியப் பூங்காவுக்குள் பனிமலையில் தொடங்கி, காட்டுக்குள்ளேயே நெடுந்தூரம் இறங்கி வருகிறது. குஷைனியில் ஃபலாச்சன் என்ற துணையாறு சேர்கிறது. கீழே லார்ஜி பக்கம் பியாஸ் ஆற்றில் கலக்கிறது. பூங்கா 1999-ல் முறைப்படி அறிவிக்கப்பட்டு, 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் பூங்கா எல்லைக்கு வெளியே ஆற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பக்கத்துப் பள்ளத்தாக்கான சைஞ்சில் பார்வதி நீர்மின் திட்டங்கள் வந்துவிட்டன. லார்ஜியில் பியாஸுக்குக் குறுக்கே 126 மெகாவாட் திட்டத்தின் அணை நிற்கிறது. தீர்த்தனிலும் சிறு நீர்மின் திட்டங்கள் வரிசையாக வருவதாக இருந்தது. பஞ்சாரின் முன்னாள் எம்.எல்.ஏ. திலே ராம் ஷபாப் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு எதிர்த்து நின்றார். விஷயம் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் அந்தத் திட்டங்கள் கைவிடப்பட்டன. ஔட்டிலிருந்து வரும் வழியில் லார்ஜி அணையையும் அதன் பின்னால் தேங்கி நிற்கும் சாம்பல் நிறத் தண்ணீரையும் பார்த்துவிட்டு, அரை மணி நேரத்தில் தீர்த்தனின் பச்சைத் தண்ணீரைப் பார்த்தால், அந்த ஊர்க்காரர்கள் எதைக் காப்பாற்றினார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நாம் கொடுக்கும் வாடகை ஆறு இப்படி ஓடுவதால்தான் அவர்களுக்குக் கிடைக்கிறது. இதை அங்கே சின்னப் பையன்கள்கூடச் சொல்கிறார்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம்.

சாலை ஒரு கரையில் போகிறது. நல்ல வீடுகள் சில மறுகரையில் இருக்கின்றன. அவற்றுக்குப் போக நடைபாலம் இருக்கும். ஓரிரண்டு இடங்களில் பாலமும் கிடையாது. ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய இரும்புக் கம்பியில் ஒரு கூடை தொங்கும். நாம் அதில் உட்கார, அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் இழுத்துக்கொள்வார்கள். பெட்டிகளும் அப்படியே. சக்கரம் வைத்த பெரிய சூட்கேஸ் அங்கே தொல்லைதான், முதுகுப்பையாகக் கொண்டு போங்கள். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு. அவரால் கூடையில் ஏற முடியுமா என்று யோசித்தேன். அவர் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். இறங்குகிற இடத்தில்தான் உதவி தேவைப்பட்டது. வயதானவர்களோடு போகிறவர்கள் நடைபாலம் இருக்கிற வீடாகப் பார்ப்பது நல்லது.

வீட்டை முன்பதிவு செய்யும்போது படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். போனில் கூப்பிட்டுச் சில கேள்விகளைக் கேளுங்கள். முதல் கேள்வி: 2023 ஜூலையில் வந்த வெள்ளத்தில் தண்ணீர் உங்கள் வீட்டில் எதுவரை வந்தது? அந்த வருடம் பியாஸும் அதன் துணையாறுகளும் குல்லு மாவட்டத்தில் செய்த சேதம் பெரியது. சைஞ்ச் கடைத்தெருவில் ஒரு பகுதியையே ஆறு கொண்டு போனது. நேர்மையான வீட்டுக்காரர் வாசல்படிவரை வந்தது, தோட்டத்து மதில்வரை வந்தது என்று இடத்தைச் சொல்லுவார். ‘எங்களுக்கு ஒன்றும் ஆகாது’ என்று மழுப்புகிற இடத்தை விட்டுவிடுங்கள். தண்ணீரில் கால் நனைத்தபடி தேநீர் குடிக்கலாம் என்று விளம்பரம் செய்யும் இடங்கள் உண்டு. அவற்றில் பல, ஆறு விட்டுவிட்டுப் போன கல்படுகையின் மேலேயே கட்டப்பட்டவை. போன பிறகும் ஒரு வேலை செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் கரையோரம் நடந்து, மரக்கிளைகளிலும் பாறை இடுக்குகளிலும் பழைய சருகும் குச்சியும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றன என்று பாருங்கள். வெள்ளம் வந்த உயரம் அதுதான். உங்கள் கட்டில் அதற்கு மேலே இருக்க வேண்டும்.

இரண்டாவது, கழிவுநீர் எங்கே போகிறது? நான் ஒரு தடவை தங்கிய ஒரு விடுதியில், காலையில் வெளியே வந்து பார்த்தால் குளியலறைக் குழாய் நேராக ஆற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. சோப்பு நுரையோடு வெள்ளையாக ஒரு கோடு. அங்கிருந்து பத்தடி கீழேதான் விருந்தினர்கள் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளே கணக்கு முடித்துவிட்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டேன். செப்டிக் டேங்க் இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். இருக்கிறவர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

மூன்றாவது, ராத்திரி ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட அனுமதி உண்டா? ‘உண்டு, கேம்ப் ஃபயர் உண்டு, டிஜே உண்டு’ என்று உற்சாகமாகப் பதில் வந்தால் அது வேறு ஆட்களுக்கான இடம். அப்புறம் சுடுதண்ணீர், மின்வெட்டு, போன் சிக்னல். இவையெல்லாம் இருக்கும், அவ்வப்போது போகும். அதிலே பெரிதாகக் கவலைப்பட ஒன்றும் இல்லை. கையில் ரொக்கம் மட்டும் வைத்திருங்கள். சிக்னல் இல்லாத நேரத்தில் யுபிஐயும் இல்லை.

மீன் பிடிக்கப் போகிறவர்கள் மாதத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை டிரவுட் என்ற குளிர்நீர் மீன் வாழும் இமாச்சலின் ஆறுகளில் மீன்பிடிக்கத் தடை. மீன்கள் சரளைக்கல்லில் குழி பறித்து முட்டையிடும் காலம் அது. மார்ச்சில் திறந்ததும் தண்ணீர் குறைவாக, கண்ணாடி போல் தெளிவாக இருக்கும். மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசிவரை நல்ல காலம். மே, ஜூனில் மேலே பனி உருகும். அப்போது ஆறு ஒரே நாளுக்குள்ளேயே மாறும். விடியற்காலையில் தணிந்து தெளிந்திருக்கும், வெயில் ஏறி மேலே உருகிய பனி கீழே வந்து சேரும் பிற்பகலில் உயர்ந்து கலங்கிவிடும். அந்த மாதங்களில் மீன்பிடிப்பைக் காலையோடு முடித்துக்கொண்டு பிற்பகலில் காட்டுப் பக்கம் நடக்கப் போகலாம். காலையில் சுலபமாகத் தாண்டிப் போன இடத்தை மாலையில் திரும்பித் தாண்ட முடியாது, இதைக் குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள். ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை போகவே வேண்டாம். மழை, மண்சரிவு, வெள்ளம். செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் எனக்கு மிகவும் பிடித்த நாட்கள். மழை கழுவிவிட்ட வானம், தெளிந்த தண்ணீர், ஆப்பிள் பறிப்பு முடிந்த தோட்டங்கள். ராத்திரிதான் நன்றாகக் குளிரும், குஷைனியே சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

ஆற்றில் இருப்பது பிரவுன் டிரவுட். அது இந்த மண்ணின் மீன் அல்ல. 1909-ல் ஜி. சி. எல். ஹோவெல் என்ற ஆங்கில அதிகாரி காஷ்மீரிலிருந்து முட்டைகளைக் கொண்டுவந்து குல்லுப் பகுதியில் வளர்த்துவிட்டார். நம் நீலகிரியிலும் வெள்ளைக்காரர்கள் இதே ஆசையில்தான் டிரவுட் விட்டார்கள், அங்கே நிலைத்தது ரெயின்போ டிரவுட். அவலாஞ்சியில் அதற்கான குஞ்சுப் பொரிப்பகம் உண்டு. தீர்த்தனின் சொந்த மீன் ஸ்னோ டிரவுட் என்று அழைக்கப்படுவது. பெயரில் டிரவுட் இருந்தாலும் அது நம் கெண்டைக் குடும்பம். வாய் முகத்துக்கு அடியில் இருக்கும், பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். பிரவுன் டிரவுட் வந்த ஆறுகளில் இதன் எண்ணிக்கை குறைந்துவிட்டது. தவறி உங்கள் தூண்டிலில் இது மாட்டினால் உடனே விட்டுவிடுங்கள். உரிமத்தில் எழுதியிருக்கிறதோ இல்லையோ, அது அதனுடைய ஆறு.

உரிமம் என்றதும் ஞாபகம் வருகிறது. மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் தூண்டிலைத் தொடாதீர்கள். கட்டணம் சொற்பம். வீட்டுக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டால், எங்கே எப்படி வாங்குவது என்று சொல்லுவார், பல சமயம் அவரே ஏற்பாடும் செய்துவிடுவார். எத்தனை மீன், எவ்வளவு நீளத்துக்கு மேல் என்ற விதிகள் அதிலேயே இருக்கும். காவலர்கள் வந்து பார்ப்பதும் உண்டு. தேசியப் பூங்காவுக்குள் போவதற்கு வேறு அனுமதி, அதைச் சாய் ரோபாவில் உள்ள பூங்கா அலுவலகத்தில் வாங்கலாம்.

இப்போது தூண்டில். அப்பா வளர்ந்தது சேரன்மகாதேவியில். தாமிரபரணியில் மூங்கில் கம்பு, தங்கூஸ் நரம்பு, தக்கை, மண்புழு என்று கெண்டையும் கெளுத்தியும் பிடித்தவர். முதல் நாள் காலையில் வழிகாட்டிப் பையன் பெட்டியைத் திறந்து காட்டியதும் குனிந்து பார்த்தார்.

“எம்மா, இரை எங்க?”

“இரை கிடையாதுப்பா. முள்ளுல கட்டியிருக்கிற இந்த இறகும் நூலும்தான்.”

“இத நம்பி மீனு வருமா?”

பையனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் கேள்வி புரிந்துவிட்டது. ஆற்றோரம் போய் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கல்லைப் புரட்டி எடுத்து வந்தான். அடிப்பக்கத்தில் தட்டையாக, மூன்று வாலோடு பழுப்பு நிறப் பூச்சிகள் ஊர்ந்தன. மே ஃபிளையின் இளம்பருவம். பக்கத்தில் மணலையும் குறுங்கல்லையும் ஒட்டிக் கட்டிய கூட்டுக்குள் இன்னொரு புழு. “அங்கிள் ஜி, மீன் சாப்பிடுவது இதைத்தான்” என்று இந்தியில் சொல்லி, பெட்டியிலிருந்து அதே நிறத்தில், அதே அளவில் ஒரு ஃபிளையை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். அப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குப் பிறகு சந்தேகம் எதுவும் கேட்கவில்லை. இறகு எந்தப் பறவையுடையது என்று மட்டும் கேட்டார். நெருப்புக்கோழியும் மயிலும் ஃபெசன்ட்டும்.

நீங்கள் போனாலும் முதல் வேலையாகக் கல்லைப் புரட்டிப் பாருங்கள். பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே, அதே பக்கமாக வைத்துவிடுங்கள். எந்த ஃபிளையைக் கட்டுவது என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கே இருக்கிறது. தீர்த்தனில் நான் கட்டுவது பெரும்பாலும் ஃபெசன்ட் டெயில், ஹேர்ஸ் இயர் ஆகிய இரண்டு நிம்ஃப்கள்தான். இவை பூச்சியின் இளம்பருவத்தைப் போலக் கட்டியவை, தண்ணீருக்கு அடியில் போகிறவை. மாலையில் பூச்சிகள் மேலே பறக்க ஆரம்பித்து, மீன் மேல்மட்டத்தில் வாய் வைக்கத் தொடங்கினால் மிதக்கிற ஆடம்ஸ் அல்லது எல்க் ஹேர் கேடிஸ். நூற்றுக்கணக்கில் வாங்கிக் குவிக்கத் தேவையில்லை.

கம்பு, 4 அல்லது 5 என்ற எண்ணில் (எந்த எடை நூலுக்கான கம்பு என்பதைச் சொல்லும் எண்), எட்டரை அடி, ஒன்பது அடி நீளம். பெரும்பாலான வீடுகளில் வழிகாட்டிகள் வாடகைக்குத் தருவார்கள், முதல் தடவை போகிறவர்கள் எதையும் வாங்கிக்கொண்டு போக வேண்டாம். புழுத் தூண்டிலில் ஈயத்தின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே ஃபிளைக்கு எடையே கிடையாது. தடித்த நூலுக்குத்தான் எடை, அதை வீசினால் ஃபிளை கூடப் போகும். அதனால் கையின் அசைவே வேறு. பின்னால் வீசி, நூல் முழுக்க நீளும் வரை நின்று, அதன் பிறகு முன்னால். அந்த நிற்பதுதான் புதிதாக வருகிறவர்களுக்கு வராது. ஆற்றில் போய்க் கற்றுக்கொள்ளாதீர்கள். தோட்டத்துப் புல்வெளியில், முள்ளை எடுத்துவிட்டு நுனியில் ஒரு துண்டுக் கம்பளி நூலைக் கட்டி, முதல் நாள் முழுக்க அங்கேயே வீசிப் பழகுங்கள். தோளுக்கு வேலை இல்லை, முன்னங்கைக்குத்தான். கடிகார முள் பத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் கம்பு நின்றால் போதும்.

தீர்த்தனில் இன்னொரு சங்கதி. கரையெல்லாம் ஆல்டர் மரம். பின்னால் வீச இடமே இருக்காது. அதனால் ரோல் காஸ்ட் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும். நூலைப் பின்னால் பறக்கவிடாமல், தண்ணீரிலேயே கிடக்கவிட்டு முன்னோக்கி உருட்டி விடுவது. தூரமும் வேண்டியதில்லை. இது பாறைகளுக்கு நடுவே சின்னச் சின்ன மடுக்களாக உள்ள ஆறு, ஐந்தாறு மீட்டருக்குள் மீன் இருக்கும். நீரோட்டத்தைப் பார்த்தபடிதான் டிரவுட் நிற்கும் என்பதால் கீழேயிருந்து மேல்நோக்கி நடந்தால் அதன் முதுகுப் பக்கமாக நெருங்கலாம். கம்பை உயர்த்திப் பிடித்து, நூல் வேகமான தண்ணீரில் படாமல் பார்த்துக்கொண்டால், ஃபிளை மடுவுக்குள் இயல்பாக மிதந்து போகும். நூல் இழுத்துக்கொண்டு போகிற ஃபிளையை மீன் தொடாது. சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். போலரைஸ்டு கண்ணாடி கட்டாயம், தண்ணீருக்குள் பார்க்கவும், பறந்து வரும் முள்ளிலிருந்து கண்ணைக் காக்கவும்.

அப்பாவுக்கு இந்த வீச்சு தோளில் வலித்தது. வீட்டுக்காரரிடம், முன்பு வந்த விருந்தினர் ஒருவர் விட்டுப்போன டென்காரா கம்பு ஒன்று இருந்தது. ஜப்பானிய முறை. ரீல் கிடையாது, பன்னிரண்டு அடிக்கு நீளும் மெல்லிய கம்பு, அதன் நுனியிலேயே நரம்பைக் கட்டிவிடுவது, எடை நூறு கிராம்கூட இல்லை. அதைக் கையில் வாங்கியதும் அப்பாவின் முகமே மாறிவிட்டது.

“இது நான் சின்ன வயசுல பிடிச்ச கம்புதாம்மா. மூங்கிலுக்குப் பதிலா வேற என்னமோ.”

உண்மையும் அதுதான். நுனியில் நரம்பு கட்டிய நம் ஊர்த் தூண்டில் பழகியவர்களுக்கு டென்காராவில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. தக்கை இல்லாமல் நரம்பின் அசைவைப் பார்க்க வேண்டும், அவ்வளவே. பாறைகளுக்கு நடுவே உள்ள சின்ன மடுக்களுக்கு அது ரீல் கம்பைவிடப் பொருத்தம் என்று வழிகாட்டியும் சொன்னான். கரையில் ஒரு தட்டைப் பாறையில் உட்கார்ந்தபடியே, எனக்கு முன்னால் அப்பா ஒன்றைத் தூக்கினார். ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே. வெண்ணெய் நிற வயிறு, பக்கவாட்டில் கருப்பும் சிவப்புமாகப் புள்ளிகள், ஒவ்வொரு சிவப்புப் புள்ளியைச் சுற்றியும் வெளிறிய வளையம். வயதானவர்களையோ குழந்தைகளையோ கூட்டிக்கொண்டு போகிறவர்கள் டென்காராவில் ஆரம்பியுங்கள். இதைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

அந்த மீனைப் பையன் வலைக்குள் வைத்தபடியே, தண்ணீரைவிட்டு எடுக்காமல் முள்ளைக் கழற்றி விட்டுவிட்டான். அப்பாவுக்குச் சங்கடமாகிவிட்டது. “பிடிச்சத விடுறதுக்கா இவ்வளவு பாடு?” என்று என்னிடம் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். பையன் பொறுமையாகச் சொன்னான்: இந்தக் கல்லுக்குப் பின்னால் இருக்கிற மீன் இங்கேயேதான் இருக்கும், தன் இடத்தை விட்டு அதிகம் நகராது. அதைச் சமைத்துவிட்டால் உங்களுக்கு ஒரு வேளை. விட்டுவிட்டால் அடுத்து வருகிறவர்களையும் நான் இதே இடத்துக்குக் கூட்டிவரலாம், என் வீட்டுச் செலவு அதில் நடக்கிறது. அப்பா முழுக்க ஒத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு பிடித்த எதையும் வீட்டுக்குக் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு, பள்ளத்தாக்கிலேயே தொட்டிகளில் வளர்க்கும் ரெயின்போ டிரவுட் கிடைக்கிறது. கடுகெண்ணெயில் வறுத்துக் கொடுப்பார்கள்.

விடுகிற மீன் பிழைக்க வேண்டுமானால் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். முள்ளின் உள்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள், காய்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழுவழுப்பு உரிந்து நோய் பிடிக்கும். ஆளுக்கொரு படம் என்று தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். விடும்போது தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்துத் தாங்கிப் பிடியுங்கள், தெம்பு வந்ததும் அதுவே போய்விடும்.

தண்ணீரைப் பற்றி இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பனி உருகி வரும் தண்ணீர், முழங்கால் ஆழத்திலேயே ஆளைச் சாய்க்கும் வேகம். பாறைகளில் பாசி. ரப்பர் செருப்போடு இறங்கவே கூடாது, அடியில் ஃபெல்ட் என்ற தடித்த கம்பளித் துணி ஒட்டிய காலணி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கையில் ஒரு தடி. முழங்காலுக்கு மேலே போக வேண்டிய அவசியம் இந்த ஆற்றில் கிடையாது. கால் மரத்துப்போகும் முன் வெளியே வந்துவிட வேண்டும். விழுந்துவிட்டால் எழுந்து நிற்க முயலாமல், மல்லாந்து, காலை முன்னால் நீட்டி, ஓட்டத்தோடு போய்க் கரை ஒதுங்குங்கள். லார்ஜிக்குக் கீழே பியாஸில் 2014 ஜூன் 8 அன்று, அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில் ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த 24 பொறியியல் மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். ஆற்றுக்குள் பாறையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். தீர்த்தனில் அணை இல்லை என்பதால் அந்த ஆபத்து இங்கே இல்லை. ஆனால் போகும் வழியில் பியாஸ் கரையில் வண்டியை நிறுத்தி இறங்குகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. அங்கே இறங்காதீர்கள். தீர்த்தனிலும் மேலே மலையில் கருமேகம் கூடினாலோ, தண்ணீரில் திடீரென்று சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, அடுத்த நிமிடமே கரையேறுங்கள்.

மீன்பிடிப்பில் ஆர்வமே இல்லாதவர்களுக்கும் அந்த வீடு போதும். வீட்டு முன்னாலுள்ள பாறைகளில் வெள்ளை உச்சந்தலையும் செங்கல் நிற வயிறுமாக ஒரு சின்னப் பறவை இருக்கும், ஒயிட்-கேப்டு ரெட்ஸ்டார்ட். அதைவிடச் சின்னதாக, நீலச் சாம்பல் உடம்போடு சிவப்பு வாலை விசிறியாக விரித்து மூடிக்கொண்டே இருப்பது பிளம்பியஸ் ரெட்ஸ்டார்ட். எனக்குப் பிடித்தது பிரவுன் டிப்பர். பார்க்க மங்கலான பழுப்பு, ஒன்றுமே இல்லை. திடீரென்று சுழித்து ஓடுகிற தண்ணீருக்குள் முங்கி, அடியில் கற்களுக்கு இடையே பூச்சி பொறுக்கி, வேறோர் இடத்தில் வெளியே வரும். டிப்பர் இருக்கிற இடத்தில் நீரடிப் பூச்சிகள் நிறைய இருக்கும், பூச்சி இருந்தால் மீனும் இருக்கும் என்று வழிகாட்டிகள் அதைப் பார்த்துத்தான் இடம் பிடிக்கிறார்கள். மாநிலப் பறவையான வெஸ்டர்ன் ட்ரகோபன் இதே பூங்காவில் உண்டு. அங்கே அதை ஜூஜுரானா என்பார்கள். ஆனால் அது மேலே, அடர்ந்த காட்டுக்குள். வீட்டிலிருந்து பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சாப்பாடு அந்த வீட்டில் சமைப்பதுதான், ஓட்டல் பட்டியல் கிடையாது. ராஜ்மா, சோறு, சப்பாத்தி, வசந்தத்தில் லிங்ரி என்ற பெரணித் துளிரில் ஊறுகாயோ பொரியலோ. சித்து என்று ஒன்று, கோதுமை மாவைப் புளிக்க வைத்து, உள்ளே அக்ரூட்டோ கசகசாவோ பூரணமாக வைத்து ஆவியில் வேகவைத்து, நெய் ஊற்றித் தருவார்கள். முந்தின நாள் ராத்திரியே சொல்லிவிட வேண்டும், மாவு புளிக்க நேரமாகும். அப்பா அதற்குத் தொட்டுக்கொள்ள எள்ளுப்பொடி கேட்டார். கொண்டு போயிருந்தேன். வீட்டு அம்மாளுக்கு அது மிகவும் பிடித்துப்போய், ஒரு டப்பாவை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தோம்.

வழிகாட்டிக்குக் கூலி பேசும்போது பேரம் பேசாதீர்கள். வருடத்தில் நாலு மாதம் தடை, இரண்டரை மாதம் மழை. மீதி நாட்களில்தான் அவர்களுக்கு வருமானம்.

திரும்பி வரும் திட்டத்தில் ஒரு நாளைச் சும்மா விடுங்கள். டெல்லியிலிருந்து மணாலி பேருந்துகள் இரவில் கிளம்பி அதிகாலையில் ஔட்டைத் தொடுகின்றன, திரும்பும்போது மாலையில் அங்கே ஏறலாம். சண்டிகர் வரை ரயிலிலோ விமானத்திலோ வந்து அங்கிருந்து டாக்ஸி பிடிப்பது வயதானவர்களுக்கு வசதி. புந்தர் விமான நிலையம் பக்கத்தில்தான், ஆனால் வானிலை கெட்டால் விமானம் வராது. மண்டிக்கும் ஔட்டுக்கும் நடுவில் மலை சரிந்தால் மணிக்கணக்கில், சில சமயம் ஒரு நாள் முழுக்க, சாலை மூடிவிடும். அதனால் சென்னை விமானத்துக்கு முந்தைய இரவு நீங்கள் டெல்லியிலோ சண்டிகரிலோ இருப்பது போல டிக்கெட் போடுங்கள். சாலை திறந்தே இருந்து சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை, அன்றைக்கு நன்றாகத் தூங்கலாம்.